மேடம் ஆடு

அக்கா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றுகிற கையோடு லைட்டை அணைப்பாள். யார் வீடு, உள்ளே யார் இருக்கிறார்கள், சாப்பிடுகிறார்களா, துணி மாற்றுகிறார்களா, ஒன்றும் பார்க்க மாட்டாள். பொழுது சாய்ந்துவிட்டால் அவளுக்கு வெள்ளை வெளிச்சம் ஆகாது. எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்றைக்கு அம்மா அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்து ட்யூப்லைட்டை அணைத்தவள் அடுப்படி சுவிட்சையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். "எவடி அவ, எண்ணெச் சட்டி முன்னாடி நிக்கறேன், லைட்ட அணைக்கிறவ?" என்று அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்துகொண்டது. அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி போட்டாள். அதிலிருந்து அவள் வருகிறாள் என்றால் அம்மா அடுப்பு வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவாள்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆம்பூர் பக்கம் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் அவளுக்குத்தான் பேஜார். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வழிகாட்டியிடம் ஆராய்ச்சி செய்தோம். அவள் எனக்கு மூத்தவள். ஆராய்ச்சியோடு அங்கேயே பாடமும் எடுத்தாள், தற்காலிக வேலையில். நிர்வாகம் அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தது: ஆராய்ச்சிப் பதிவுக் காலம் முடிவதற்குள் டாக்டர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நான் அப்புறம் பாதியில் விட்டுவிட்டு டேனரி லேபுக்கு வந்துவிட்டேன். தோலில் ஈரம் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. என்னைப் போல ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொரு வேலைக்குப் போக அவளுக்குத் தெரியாது. கோளாறே அதுதான்.

அவளுடைய பொருள் பீனியல் சுரப்பி. மூளையின் இரண்டு பாதிக்கும் நடுவில், பட்டாணி அளவுக்கு உட்கார்ந்திருக்கும். என்ன படிக்கிறாய் என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், தொலைந்தார்கள். ஒருநாள் காலையில் பஸ்சுக்கு நிற்கும்போது, ஷூ கம்பெனி வேனுக்காகக் காத்திருந்த பெண்கள் கேட்டுவிட்டார்கள். அக்கா ஆரம்பித்தாள்.

"ராத்திரி ஆச்சுன்னா கண்ணு போய் மூளைக்குச் சொல்லும். அங்கருந்து நரம்பு வழியா பீனியலுக்கு சேதி வரும். நரம்பு வந்து அந்த செல்லோட கதவைத் தட்டும். தட்டினா உள்ள ஒரு சேதி கிளம்பும். அதுக்கு சைக்ளிக் ஏ.எம்.பி.ன்னு பேரு. அந்தச் சேதி இருக்கிற வரைக்கும்தான் மெலடோனின் செய்யுற என்சைம் உயிரோட இருக்கும். மெலடோனின்தான் உடம்பு பூரா ஓடிப்போய் 'ராத்திரி ஆயிடுச்சு'ன்னு சொல்லும். நடுவுல யாருனா லைட்டப் போட்டா சேதி நின்னுடும். கொஞ்ச நேரத்துல அந்த என்சைமை செல்லே அரைச்சுத் தின்னுடும்."

"அவ்ளோதானா?" என்றாள் ஒருத்தி, வேன் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே.

"எங்க அவ்ளோதான்? இனிமேதான் விஷயமே. அந்தச் சேதி இருக்குல்ல, அது இன்னொரு என்சைமையும் செய்யச் சொல்லுது. அது இன்னா பண்ணும் தெரியுமா? அந்தச் சேதியையே வெட்டும்."

"அடக் கடவுளே. தன்னையே வெட்டறதுக்கு தானே கத்தி செஞ்சு வெக்குதா?"

"அதேதான்! கத்தி இல்லன்னா சேதி அடங்காது. ஒரு தடவ தட்டினா ஓயாம கூவிக்கினே கெடக்கும். உள்ள கத்தி எவ்ளோ சேருதோ, அதைப் பொறுத்துதான் சேதி எவ்ளோ ஒசரம் ஏறும், எப்ப எறங்கும்னு முடிவாகுது. எலியில பாத்திருக்காங்க. எலி ராத்திரி முழிச்சிருக்கிற ஜென்மம். ஆடு தூங்குற ஜென்மம். ஆட்டுல எப்படின்னுதான் நான் பாக்கறேன்."

"எங்க வூட்டுக்காரு தூங்கவே மாட்டேங்கறாரு. அவருக்கு கத்தி ஜாஸ்தியா கம்மியா?" என்றாள் இன்னொருத்தி. வேன் வந்துவிட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அக்கா ஜன்னலோடு கூடவே நடந்து, "செல்போன அணைச்சிட்டுப் படுக்கச் சொல்லு!" என்று கத்தினாள். அந்தக் கத்தி என்சைமுக்கு நிஜத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அன்றிலிருந்து எங்கள் லேபில் அதற்குக் கத்தி என்றே பெயர் விழுந்தது. வழிகாட்டி சார்கூட அப்படித்தான் சொல்வார்.

ஆட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் ஊர்தான். தோலுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊரில் ஆட்டுத் தலைக்கா பஞ்சம்? பாலாற்றங்கரையில் ஒரு பாயின் அறுப்புக் கொட்டகை இருந்தது. தோல் மண்டிக்குப் போகும், கறி கடைக்குப் போகும், தலையும் காலும் தனியாகப் போகும். விடிவதற்கு முன்னால் இரண்டு பெண்கள் ஸ்கூட்டியில், புகை வருகிற ஒரு நைட்ரஜன் கேனோடு போய் இறங்கினால் அவர் என்ன நினைப்பார்? "இன்னா மேடம், வழி மாறி வந்துட்டீங்களா?" என்றார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். மூளைக்குள் ஒரு சின்ன உருண்டை வேண்டும், ஆட்டை அறுத்த உடனே வேண்டும்.

"மூளை ஃப்ரையே வேணும்னா கடைக்கு வாங்க மேடம், நல்லதா எடுத்துக் குடுக்கறேன்."

"சாப்பிடறதுக்கு இல்ல பாய். அதுல ஒரு என்சைம் இருக்கு. அதுக்கு."

பாயின் முகம் தெளிந்துவிட்டது. "என்சைமா? அத மொதல்லயே சொல்ல வேணாமா?" என்றார். இரண்டு நாள் கழித்து லேப் வாசலில் ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது. தோலை மிருதுவாக்க டிரம்மில் போடுகிற பொடி. எங்கள் பக்கத்தில் டேனரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் என்சைம் என்றால் அந்தப் பொடி மூட்டைதான். பாயின் மச்சான் ஒரு டேனரியில் மேஸ்திரி. மேடம் பாவம் ஒரு துளி என்சைமுக்காக ஆட்டு மண்டையை உடைக்க வந்திருக்கிறார்கள், நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு அனுப்பிவிட்டார். அந்த நாற்றம் எங்கள் துறையைவிட்டுப் போக ஒரு வாரம் ஆனது. சார் மூக்கைப் பிடித்துக்கொண்டே வகுப்புக்குப் போனார். அக்கா மட்டும், "எவ்ளோ நல்ல மனசுடி அந்த மனுஷனுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நல்ல மனசுதான். அதை யார் இல்லை என்றது?

ஏற்பாடு இதுதான். சில ஆடுகளைப் பகலில் அறுத்து எடுப்பது, சில ஆடுகளை விடிவதற்கு முன்னால் இருட்டில் அறுத்து எடுப்பது. இரண்டிலும் சேதி எவ்வளவு, கத்தி எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். இருட்டு ஆடுகளை முதல் நாள் சாயங்காலமே தனியாகப் பிரித்துக் கட்டச் சொன்னாள். "லைட்டே கூடாது பாய், இருட்டா இருக்கணும்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், என் காதால் கேட்டேன். பாய் தலையை ஆட்டினார். ஏற்கெனவே முதல் நாளே அக்கா அவருடைய கொட்டகையில் எரிந்துகொண்டிருந்த விளக்கை யாரையும் கேட்காமல் அணைத்திருந்தாள். கறிக்கடைக்குப் போனபோதும் அணைத்தாள். "மேடத்துக்கு லைட்டு ஆகாது, கண்ணுல எதோ கோளாறு" என்று கொட்டகை முழுக்கத் தெரியும். ஒருநாள் பாயின் சம்சாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண் வலிக்கு நல்ல சுர்மா இருக்கிறது, அக்காவுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டது.

பிரித்துக் கட்டுகிற ஆடுகளுக்கு மேடம் ஆடு என்று பெயர் வந்தது. நாங்கள் போகும்போது கொட்டகை கும்மிருட்டாக இருக்கும். அக்காவின் சிவப்பு டார்ச் மட்டும்தான், சிவப்பு வெளிச்சம் பீனியலை அவ்வளவாக எட்டாது என்பாள். அந்த வெளிச்சத்தில் பாய் பிஸ்மில்லா சொல்லி அறுப்பார், மண்டையைப் பிளப்பார். அக்கா குனிந்து மூளையின் இரண்டு பாதியையும் விரலால் மெதுவாக விலக்கி, இடுக்கியால் அந்தப் பட்டாணியை எடுத்து நைட்ரஜனில் போட்டுவிடுவாள். புஸ்ஸென்று புகை எழும்பும். அவள் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பிள்ளை பெற்றவள் மாதிரி. நான் கேனைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் வழுக்காமல் நிற்பதற்குப் பாடுபட்டுக்கொண்டிருப்பேன்.

வெளிச்சத்தின் மேல் அவளுக்கு இருந்த கோபம் படிப்பால் வந்தது இல்லை என்று நினைக்கிறேன். அவளுடைய அம்மா ஷூ கம்பெனிக்காக வீட்டிலேயே அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைத்துக் கொடுத்தவர். ஒரே அறை வீடு. ட்யூப்லைட்டின் கீழே அம்மா ஊசியோடு உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் அதே வெளிச்சத்தில் படுக்க வேண்டும். பாவாடையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்குவேன் என்று ஒருமுறை சொன்னாள். "பாவாடை வழியாவும் வெளிச்சம் தெரியும்டி. எனக்கு சின்ன வயசுல ராத்திரியே கெடையாது." இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. முறுக்கு தின்றுகொண்டே சொன்னாள்.

முடிவுகள் வர ஆரம்பித்தன. பகல் ஆட்டிலும் ராத்திரி ஆட்டிலும் ஒரே அளவு. சேதியும் ஏறவில்லை, கத்தியும் சேரவில்லை, மெலடோனின் செய்கிற என்சைமும் அசையவில்லை. அக்கா முதலில் தன் கையைச் சந்தேகப்பட்டாள். பிறகு அளவு பார்க்கிற ரசாயனக் கிட்டை, பிறகு ஃப்ரீசரை, பிறகு நைட்ரஜன் கொடுக்கிறவனை. என்னைக்கூட ஒருநாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் சந்தேகப்படாத பொருள் அந்த லேபில் இல்லை. ராத்திரியை மட்டும் சந்தேகப்படவில்லை. மறுபடி மறுபடி ஆடு, மறுபடி மறுபடி அதே எண்.

சாருக்கு ஒரே சந்தோஷம். "எலி மாதிரியும் இல்ல, மத்த ஊர் ஆடு மாதிரியும் இல்ல. நம்ம ஊர் ஆடு தனி ரகம்மா. இது புதுசு!" என்றார். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்துத் துறை முழுக்கக் கொடுத்தார். அக்காவும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளும் நம்ப ஆரம்பித்தாள். இந்த வறண்ட பூமியில் மேய்கிற ஆட்டுக்கு வேறு ஏதோ வழி இருக்கும், கத்திக்கே வேலை வைக்காத ஒரு வழி, என்று இரண்டு ஆராய்ச்சிக் கூட்டங்களில் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். ஆய்வேட்டை எழுத வேண்டியதுதான் பாக்கி, பதிவுக் காலம் முடியச் சில மாதங்கள் இருந்தன. கடைசியாக ஒரே ஒரு தடவை போய் எடுத்துவிட்டு உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றாள்.

அன்றைக்குப் பார்த்து என் ஸ்கூட்டி கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். தெரிந்த ஆட்டோக்காரரை எழுப்பி நெடுஞ்சாலை முனை வரை போனோம். ஆற்றோரப் பாதை மணல், ஆட்டோ உள்ளே வராது. கேனை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். திருப்பத்தில் திரும்பினால், கொட்டகை இருக்கும் இடத்தில் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம்.

நான்தான் முதலில் நின்றேன். அக்கா நிற்காமல் போனாள். தனியாகக் கட்டியிருந்த மேடம் ஆடுகளின் தலைக்கு நேர் மேலே, மூங்கில் கம்பத்தில் ஒரு ஃபோகஸ் லைட். ஆடுகள் கண்ணை இடுக்கிக்கொண்டு அசை போட்டுக்கொண்டிருந்தன. பாய் எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து ஓடினார், சுவிட்சுக்கு.

"மன்னிச்சிடுங்க மேடம், சத்தமே கேக்கல. வண்டி வர்லியா?"

"இருங்க பாய், அணைக்காதீங்க" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அப்போதுதான். "எதுக்கு இந்த லைட்டு?"

"நாய்ங்க மேடம். ஆத்துல சுத்துற நாய்ங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு குட்டிய இழுத்துனு போய்டுச்சுங்கோ. மேடம் ஆட்டுக்கு எதுனா ஆச்சுன்னா நான் இன்னா பதில் சொல்றது? படிப்பு விஷயமாச்சே. அதான் மொத நாள்ல இருந்தே ஃபோகஸ் போட்டு வெச்சிருக்கேன்."

"நாங்க வர்றப்ப இருட்டா இருக்குமே பாய்?"

"ஸ்கூட்டி சத்தம் முனையில கேக்கும்போதே அணைச்சிடுவேன்" என்றார் அவர். பெருமையாகவே சொன்னார். "உங்களுக்குத்தான் லைட்டு ஆகாதே."

அக்கா நிமிர்ந்து அந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "ராத்திரி பூரா எரியுமா?"

"பூரா எரியும் மேடம். கரண்டு போனாகூட பிக்கர் இல்ல, கவலப்படாதீங்க, இன்வெர்ட்டர் போட்டிருக்கேன்."

எனக்கு அந்தக் கம்பத்தில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த ஆடுகள் ஒரு ராத்திரிகூடப் பார்க்கவில்லை. நாங்கள் இருட்டு ஆடு என்று எடுத்து வந்த அத்தனையும் பகல் ஆடுகள். நம்ம ஊர் ஆடு தனி ரகம் என்று பேடா தின்றதெல்லாம் ஒரு பல்புக்காக. நான் பாயைப் பிடித்துக் கத்தப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா பாத்துக்கினீங்க பாய்" என்றாள் அவரிடம். "இன்னிக்கு வேணாம். இன்னொரு நாள் வர்றோம்."

திரும்பி நடக்கும்போது நான் விடவில்லை. "நல்லா பாத்துக்கிட்டாராம்! உன்னோட இத்தன வருஷத்த அந்த ஆளு ஃபோகஸ் போட்டு எரிச்சிட்டாரு. நீ அவருக்கு நன்றி சொல்லிட்டு வர்ற!"

"அவரு மேல இன்னா தப்பு? ஆட்டுக்கு லைட்டு ஆகாதுன்னு நான் சொல்லவே இல்ல. லைட்டு கூடாதுன்னேன். என்னைப் பாத்தா எல்லாரும் எனக்குத்தான் ஆகாதுன்னு நெனச்சுப்பாங்க. எங்க போனாலும் நான்தானே அணைக்கிறேன்." கேனைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். கிழக்கே வெளுத்து, முதல் ஷூ கம்பெனி வேன் நெடுஞ்சாலையில் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பாயிடம் பிறகு உண்மையைச் சொன்னாள். அந்த மனுஷர் கலங்கிப் போய்விட்டார். காதைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, நானே கெடுத்துட்டேனே" என்றார். மறுநாளே கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார். விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, நாய்களுக்காகக் கையில் தடியோடு அவரே இருட்டில் உட்கார்ந்து காவல் காத்தார். ஆனால் கிட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டுக்குத்தான் போதும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைத்து எல்லா ஆட்டையும் மறுபடி பார்த்து முடிப்பதற்குள் பதிவுக் காலம் தாண்டிவிடும்.

அந்த ஒரு ஆட்டை எடுத்து வந்தோம். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். எண் ஏறியிருந்தது. எத்தனையோ மாதமாகத் தரையில் படுத்துக் கிடந்த எண், எழுந்து நின்றது. சேதியும் ஏறியிருந்தது, கத்தியும் சேர்ந்திருந்தது. ஆட்டுக்கும் ராத்திரி இருக்கிறது. "பாருடி, இருக்குடி, இருக்கு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, ஒரு ஆட்டை வைத்துக்கொண்டு உலகத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்ல முடியாது. பாய் போன் பண்ணி, "பாஸா மேடம்?" என்று கேட்டார். "பாஸ் பாய்" என்றாள்.

சார் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், நானும் கூட இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. பழசையே எழுது. பாய் வீட்டு பல்ப யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"அது ஆட்டோட முடிவு இல்ல சார், பல்போட முடிவு."

"பல்பு இருந்தது நமக்கு மட்டும்தானே தெரியும்?"

"அப்ப அதையே எழுதிடலாமா சார்? ராத்திரி பூரா லைட்டு போட்டா ஆட்டுக்கு சேதியும் ஏறாது, கத்தியும் சேராதுன்னு?" அவள் குரலில் ஆசை இருந்தது. 

சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "பல்பு எத்தனை வாட்? எந்த ஆடு எவ்ளோ கிட்ட நின்னுச்சு? எப்ப போட்டாரு, எப்ப அணைச்சாரு? எதுக்காவது நம்மகிட்ட கணக்கு இருக்கா? அதோட தலைப்பே மாறிடும், புதுசா பதிவு பண்ணணும். காலநீட்டிப்புக்கு நான் முன்னாடியே கேட்டுப் பார்த்துட்டேன், முடியாதுன்னுட்டாங்க."

ஒவ்வொரு கதவாகத் தட்டி ஒவ்வொன்றும் மூடிக்கொண்டது. மிச்சம் இருந்தது பழசை எழுதுவது ஒன்றுதான். நான் அவள் காலில் விழாத குறை. "எழுதித் தொலக்கா. பட்டத்த வாங்கிக்கோ, வேல நிக்கும், அப்புறம் ஆற அமர நல்ல ஆட்ட வெச்சு சரி பண்ணிக்கோ. யாரு உன்னைக் கேக்கப் போறாங்க?" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று சண்டை போட்டேன். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கை வர்ல" என்றாள்.  இன்றைக்கும் நான் அதே கட்சிதான். எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் போனதால் யார் பிழைத்தார்கள் சொல்லுங்கள்?

பதிவு காலாவதியானது. அடுத்த பருவத்துக்கு வர வேண்டாம் என்று கல்லூரி சொல்லிவிட்டது. புதிதாக எங்கேயும் பதிவு செய்ய அவளுக்குத் தெம்பு இல்லை, அம்மாவின் கண்ணும் மோசமாகிவிட்டது. இப்போது ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். தலைக்கு மேல் வரிசையாக வெள்ளை லைட். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுகிறாள். எங்கள் வீட்டுக்கு எப்போதாவது வருவாள். லைட்டை அணைப்பதில்லை. முதல் தடவை அப்படி வந்து பேசாமல் உட்கார்ந்தபோது, அம்மா தானே எழுந்துபோய்க் கூடத்து லைட்டை அணைத்தாள். "இருக்கட்டும்மா, பழகிப்போச்சு" என்றாள் அக்கா.

போன மாதம் பழைய லேப் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சார், டாக்டர் பட்டம் வாங்கி மாலை போட்டு நிற்கிற புது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, பின்னால் பேனர். பேனரில் இருந்த தலைப்பைப் பெரிதாக்கிப் படித்தேன். இப்பகுதி ஆடுகளின் பீனியல் சுரப்பியில் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு இல்லை என்பதுதான் விஷயம். லேபில் இருக்கும் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: அந்தப் பெண் புதிதாகக் கொஞ்சம் பகல் ஆடுகளை மட்டும் எடுத்திருக்கிறாள், இரவுக் கணக்கு அக்காவுடையது, சார் கொடுத்தது. ஒரு சஞ்சிகையிலும் வந்துவிட்டது, தேடி எடுத்துப் படித்தேன். அக்கா இருந்த அதே இடத்தில் அவளுக்கு வேலையும் உறுதியாம். வாழ்த்துச் செய்திகள் குவிந்துகொண்டிருந்தன.

வேறு யார் மூலமாகவும் தெரியக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் பூண்டைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். திட்டுவாள், சார் வீட்டுக்குப் போய் நிற்கலாம் வா என்பாள் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் கிளம்பத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"நம்ம பாய் ஆடுங்கதானா?"

"ஆமாக்கா."

"இருட்டுல வெச்சதுன்னா போட்டிருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

இரண்டு பல் உரித்தாள். "அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது, பாவம்" என்றாள். பிறகு கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆட்டுக்கு ராத்திரியே இல்லன்னு அச்சுலயே வந்துடுச்சு. அப்ப இனிமே யாரும் மறுபடி தொறந்து பாக்க மாட்டாங்க, இல்லடி?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "மாட்டாங்கக்கா" என்றேன்.

வேலை போன அன்றைக்குக்கூட அழாதவள், அப்போது அழுதாள். உள்ளே இருக்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.  முறத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மிச்சப் பூண்டை உரித்தேன்.